பதினாலாம் கட்டிலின் வெயில் பக்கம்

ஜூலியாவின் புளிமிளகாய் பாட்டில் நாலாவது நாளும் மூடி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

இதில் என்ன இருக்கிறது, கெட்டுப்போகிற பண்டமா என்று வெளியாட்கள் கேட்கலாம். அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் மருத்துவ வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். மத்தியானம் நோயாளிகளின் சாப்பாட்டு வண்டி போன பிறகு, ஒரு மணி வாக்கில், நர்சுகள் டூட்டி அறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரிப்பார்கள். எல்லா டப்பாவும் மூடியைக் கழற்றிக்கொண்டு நடுவுக்கு வந்துவிடும். அதன்பிறகு இது யாருடையது என்று ஒருத்தியும் கேட்கக் கூடாது. பஞ்சாப்காரி கொண்டுவந்த ராஜ்மாவைக் கோட்டயத்துக்காரி வழித்துத் தின்பாள். கோட்டயத்துக்காரியின் மீன் துண்டு யாருக்குப் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. நாசரேத்தில் பிறந்து இருபத்தெட்டு வயதில் டில்லிக்கு வந்த ஜூலியாவின் புளிமிளகாயை எல்லோருமே ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தின்பார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பாட்டில் வீட்டுக்குக் காலியாகத்தான் போயிருக்கிறது.

யாரும் அவளோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். திங்கட்கிழமை அவள் கையைக் கழுவிவிட்டு வந்தபோது டப்பாக்கள் எல்லாம் மேஜையின் அந்தக் கோடிக்கு நகர்ந்திருந்தன, அவ்வளவுதான். மருந்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு சத்தம் போடும் என்பதே அவளுக்குத் தெரியாது.

காரணம் ஒரே ஒரு தாள்.

ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு ஒரு சீர்திருத்தம் வரும். போன வருஷம் வந்தது, எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய ஒரு சிரித்த முகம். அதற்கு முந்தைய வருஷம் கை கழுவும் முறையை ஆறு படமாகப் போட்ட பலகை. பலகை வந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை. இந்த வருஷம் செப்டம்பரில் வந்தது பச்சைப் பெட்டி. ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு தகரப் பெட்டி, பக்கத்தில் அச்சடித்த தாள்கள், மேலே ஒரு போஸ்டர். பிழை நடந்தால் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம், பயம் வேண்டாம், தண்டனை கிடையாது என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. அரை நாள் வகுப்பு வைத்து, பிழை என்பது ஆளால் வருவதில்லை, வேலை செய்கிற முறையால் வருவது என்று ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டியில் விழுந்ததெல்லாம் மிட்டாய்க் காகிதம்தான்.

பெட்டிக்கு ஆபத்து நவம்பர் கடைசியில் வந்தது.

அந்த வார்டில் கட்டில் முப்பது. நோயாளிகள் அன்றைக்கு ஐம்பத்தெட்டு. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் என்று படுத்திருப்பார்கள். ஜன்னல் பக்கத்துக்காரர் ஏ, வாசல் பக்கத்துக்காரர் பி. காலை முறைக்கு நர்சுகள் ஐந்தே பேர். இந்தக் கணக்கில் ஒவ்வொரு ஊசியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் பொழுது விடிந்து பொழுது போய்விடும். அதனால் எல்லா ஊசி மருந்தையும் முன்னாலேயே உறிஞ்சி, ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிக் கட்டில் நம்பரை எழுதி, ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்கள். நோயாளிகளுக்கும் இது பழகிவிட்டது. "சுயி!" என்று ஊசிக்குக் குரல் கொடுத்தால் போதும், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

பதினாலு ஏ சர்க்கரை நோயாளி. பதினாலு பி இஸ்மாயில் என்கிற கிழவர், பிஜ்னோர் பக்கம், முனீர்காவில் ரிக்‌ஷா மிதித்தவர், நெஞ்சுச் சளிக்காக வந்திருந்தார். அன்றைக்குப் பதினோரு மணிக்குப் புகைமூட்டம் கொஞ்சம் விலகி ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. நடுங்கிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்து ஏ இரக்கப்பட்டு, "நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள் சாச்சா" என்று இடம் மாற்றிக்கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு ஜூலியா தட்டோடு வந்தாள். வெயில் பக்கத்துப் போர்வையிலிருந்து நீண்ட கையில் பதினாலு ஏ-யின் இன்சுலினைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

அரை மணி கழித்து அந்த வழியாக வந்தவள் கிழவரின் தலையணை நனைந்திருப்பதைப் பார்த்தாள். அந்தக் குளிரில் வேர்வை. கூப்பிட்டால் உளறினார். ஜூலியாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சர்க்கரையைப் பார்த்தாள், முப்பத்தெட்டு. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினாள். பத்து நிமிஷத்தில் கிழவர் கண்ணைத் திறந்து, "பசிக்குது பேட்டி" என்றார், மகளிடம் சொல்வதுபோல. சின்ன டாக்டர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், அவள் முகத்தைப் பார்த்தார். "சரியாகச் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கியது என்று எழுதிவிடுகிறேன் சிஸ்டர்" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் அல்ல. அங்கே அப்படித்தான் எழுதுவார்கள்.

மறுநாள் இஸ்மாயிலின் மருமகன் ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவந்தான். கிழவர் பையைக் கிளறி, பழுத்ததாக இரண்டைப் பொறுக்கி ஜூலியாவின் கையில் வைத்து, "நீ இல்லையென்றால் நேற்றே என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், அல்லா உன்னை நன்றாக வைக்கட்டும்" என்றார். ஜூலியா வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் பழம் வெள்ளைக் கோட்டுப் பையில் கனத்துக்கொண்டே இருந்தது. முறை முடிந்ததும் வாசலுக்குப் போய் ஒரு தாளை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதினாள். தட்டில் அடுக்குவது, முகம் பார்க்காதது, ஒரு கட்டிலில் இரண்டு பேர், எல்லாவற்றையும் எழுதினாள். கீழே தன் பெயரையும் போட்டுப் பெட்டிக்குள் தள்ளினாள்.

பெயர் வேண்டாம் என்று தலைக்கு மேல் போஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பெயர் போடாமல் எழுதினால் அதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்களை அவளுடைய ஊரில் சபையில் பக்கத்தில்கூட உட்கார வைக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி முழுக்க உத்தரவு வந்தது: இனித் தட்டு கூடாது, ஒவ்வொரு ஊசியையும் கட்டிலருகில் வைத்தே எடுக்க வேண்டும். உத்தரவு வந்தது, கூட ஒரு நர்ஸ் வரவில்லை. ஐம்பத்தெட்டு பேருக்கும் அப்படியே போட்டு முடித்தபோது மணி மூன்றரை. யாரும் சாப்பிடவில்லை, ஒருத்தியின் குழந்தை பள்ளிக்கூட வாசலில் அழுதுகொண்டு நின்றது. மூன்று நாளில் தட்டு தானாகவே திரும்பி வந்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. ஜூலியாவின் கைக்கு ஒரு மெமோவும் வந்தது. கவனக்குறைவுக்காக உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாளில் விளக்கம் தருக.

தாள் எழுதிய ஆறாம் நாள் நர்சிங் சூப்பிரண்டென்ட் வத்சலா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. கோபம் வந்தால் இந்தியும் குழைவு வந்தால் தமிழும் வரும் அவருக்கு. அன்றைக்கு இரண்டும் கலந்து வந்தது. அறையில் ஹீட்டர் எரிந்தது. சுவரில் பச்சைப் பெட்டியின் வரைபடம் தொங்கியது, மூன்று மாதமாகத் தரையோடு ஓடிய கோடு கடைசியில் ஒரு கொம்பு முளைத்து நின்றது.

"பைட்டியே ஜூலியா, உக்காருங்க. சாய் குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் மேடம்."

"போஸ்டர்ல க்யா லிக்கா ஹை? பேர் வேண்டாம்னு போட்டிருக்கு இல்ல? உங்களை யாரு பேர் போடச் சொன்னா?"

"செஞ்சது நாந்தான மேடம்."

"அரே, ஃபைல் மேல போச்சுன்னா அது ஒரு ஆளைத் தேடும். நீங்களே பேரை எழுதிக் குடுத்தா நான் என்ன பண்றது? அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் டீம் வருது. மூணு மாசம் எல்லா வார்டும் ஸீரோ. இப்ப பாருங்க, உங்க வார்டு மட்டும் ஒண்ணு."

"மூணு மாசமா ஒண்ணும் நடக்கலன்னு நம்புதியளா மேடம்?"

வத்சலா பேனாவை மூடினார். "நானும் வார்டுல பதினெட்டு வருஷம் தட்டு தூக்கினவதான்" என்றார் பிறகு. "நடக்கும். நடந்தா நம்ம பார்த்துக்கறோம். நீங்களும் பார்த்துக்கிட்டீங்க, மரீஸ் டீக் ஹோ கயா, ஆள் பொழைச்சாச்சு. பாத் கத்தம், விஷயம் முடிஞ்சுது. நான் உங்களுக்கு துஷ்மன் இல்லை ஜூலியா. ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அந்தத் தாள் ட்ரெய்னிங்குக்காக எழுதிப் பார்த்த மாதிரி, தப்பா பெட்டில விழுந்துடுச்சுன்னு. மெமோவை நானே கிழிச்சுடறேன்."

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, புருஷன் தேவநேசன் மப்ளரைத் தலையோடு கட்டிக்கொண்டு, அடுப்பில் கருப்பட்டிக் காப்பியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் எழுதி ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருடைய மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்துக் கரையேற்றியவர். பெண்டாட்டிக்கு மெமோ வந்ததில் அவருக்கு ஒரு பக்கம் கலக்கம், மறுபக்கம் பழைய வேலை கிடைத்த சுறுசுறுப்பு. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்தார்.

"அந்தம்மா சொல்லுததுக்கு முன்னயே நான் எழுதி வச்சிட்டேம்ளா. கேளு. வாசிக்கேன்."

"என்ன அத்தான் எழுதியிருக்கிய?"

"அதேதான். ஸ்பெசிமன்னு போட்டிருக்கேன். மாதிரி. மாதிரின்னா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது. நடந்துச்சுன்னும் இல்ல, நடக்கலன்னும் இல்ல."

"நடந்துச்சுல்லா?"

"நடந்துச்சு. அந்தக் கெழவன் செத்தா போனான்? கொய்யாப்பழம் குடுத்து அனுப்பியிருக்கான்."

"அதாம் அத்தான் தாங்க முடியல. நான் கொல்லப் பாத்தேன், அவரு ஆசீர்வாதம் பண்ணுதாரு."

தேவநேசன் காப்பியை ஆற்றினார். ஆற்றி ஆற்றி அது குடிக்கிற சூட்டுக்கும் கீழே போய்விட்டது. "ஏளா ஜூலி, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. ஒரு ஆபீசு சரியாவணும்னா அங்க இருக்க எல்லாரும் சரியாவணும். நீ ஒருத்தி சரியா இருந்தா ஒனக்குத்தான் மெமோ. ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஆறு வருசம் கெடக்கு. ஆறு வருசமும் தனியாவா ஒக்காந்து சாப்பிடுவ?"

ஜூலியா நிமிர்ந்து பார்த்தாள். தனியாகச் சாப்பிடுவதை அவள் அவரிடம் சொன்னதில்லை.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பாட்டிலைக் கழுவுதது நாந்தான. நாலஞ்சு நாளா கழுவுததுக்கே வரல."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெமோவுக்கு அழவில்லை, மேடம் முன்னால் அழவில்லை, இந்தப் பாட்டிலுக்கு அழுதாள். தேவநேசன் பக்கத்தில் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், தன் மப்ளரை அவிழ்த்து அவள் கழுத்தில் போட்டார். மகள் பெனிட்டா குர்காவிலிருந்து போனில் கூப்பிட்டாள். விவரம் கேட்டுவிட்டு, "அம்மா, லிக் தோ நா, எழுதிக் குடுத்துடு. எல்லாரும் பண்றது தானே, யார் பார்க்கப் போறா?" என்றாள். ஒருத்தருமே தப்பாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவள் மேல் பிரியம்தான். அத்தனை பிரியத்துக்கு நடுவிலும் ஜூலியாவுக்குத் தான் ஒரு ஆள் தனியாக நிற்பது போலத்தான் இருந்தது.

காலையில் சோறு வடித்து, நெத்திலியை வறுத்து, பாட்டிலில் புளிமிளகாயை நிரப்பினாள். பிறகு தேவநேசன் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். பென்ஷனுக்குப் பயந்து போட்டேன் என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போய்த்தான் போட்டாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சூப்பிரண்டென்ட் அறையில் வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கிளார்க் வரைபடத்தைக் கழற்றிக்கொண்டு போனான், கொம்பைச் சீவி வேறு அச்சடிக்க.

செய்தி அவளுக்கு முன்னால் வார்டுக்கு வந்துவிட்டது. பத்து மணிக்கே கோட்டயத்துக்காரி காரணமில்லாமல் சிரித்தாள். பன்னிரண்டு மணிக்கு ஜூலியா தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். இஸ்மாயில் போய்ச் சேர்ந்து மூன்று நாளாகிறது, வீட்டுக்குத்தான். பதினாலில் இப்போது வேறு இரண்டு பேர். தப்பு நடந்த நாளிலிருந்து ஜூலியா ஒரு வழக்கம் வைத்திருந்தாள், போர்வையை விலக்கி, முகத்தைப் பார்த்து, "நாம் க்யா ஹை, பையா?" என்று பெயரைக் கேட்டு, அதைச் சீட்டில் சரிபார்த்த பிறகுதான் ஊசி. அதனால் அவள் வரிசை மட்டும் இருபது நிமிஷம் பின்தங்கும். மற்றவர்கள் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பெயரைச் சொல்ல நோயாளிகளுக்கே கூச்சமாக இருந்தது. ஒருவர், "பதினாறு பி" என்று சொல்லிவிட்டார்.

ஒரு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவள், பழகிப்போன காலோடு ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள். அந்த நாற்காலி அங்கே இல்லை. யாரோ அதை மேஜைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஆவோ தீதி, ஜல்தி" என்று அவசரமாகக் கூப்பிட்டுப் பஞ்சாப்காரி அவள் டப்பாவைப் பிடுங்கி நடுவில் வைத்தாள். பாட்டிலின் மூடி திறந்தது. ஐந்தாறு கை ஒரே சமயத்தில் நீண்டது. நெத்திலி கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போயிற்று. ராஜ்மா அவள் தட்டுக்கு வந்தது, மீன் துண்டும் வந்தது. எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். பெட்டியைப் பற்றியோ தாளைப் பற்றியோ ஒருத்தியும் மூச்சு விடவில்லை. ஜூலியா வாயில் வைத்ததை மென்றுகொண்டே இருந்தாள், உள்ளே இறங்கவில்லை. இத்தனை பேர் தோளில் தோள் இடித்து உட்கார்ந்திருக்க, அந்த ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே இதைவிடத் துணை இருந்தது என்று பட்டது.

ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். கடைசியில் உஷாராணி மட்டும் இருந்தாள். குடியாத்தத்துக்காரி, பதினேழு வருஷமாக ஒரே வார்டு. ஆஸ்பத்திரியில் ஜூலியாவுக்கு உடன்பிறந்தவள் என்று சொன்னால் அவள்தான். இந்த ஒரு வாரம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் அவள்தான். இப்போது பாட்டிலுக்குள் ரொட்டித் துண்டை விட்டு அடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, துன்னவே இல்ல நீ?"

"பசிக்கல."

"மெமோ கிழிச்சுட்டாங்களா?"

"கிழிச்சாச்சு. சவத்த விடு."

உஷாராணி ரொட்டியை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "நானும் ஒண்ணு எழுதி வச்சினு இருந்தேன்" என்றாள்.

"என்னத்த?"

"தாளு. பச்சைப் பெட்டித் தாளு. நீ எழுதின மறுநாளே எழுதிட்டேன். பையில மடிச்சு வச்சினு ஒரு வாரமா சுத்தினேன். உன் மூஞ்சப் பாத்தா எங்க வாயவிட்டுச் சொல்லிடுவேனோன்னுதான் உன்னாண்ட பேசல."

"எந்தக் கட்டில்?"

"இருபத்தொண்ணு பி. ஜூன் மாசம், நல்ல வெயில்ல, கரண்ட் போயிருந்துச்சே, அன்னிக்கி. ஊசி மாறிடுச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆளு மூணாம் நாளு போயிட்டாரு. ஊசியால போனாரா, நோவால போனாரா, இன்னிக்கி வரிக்கும் தெரியாது. அவரு பேரு கூட தெரியாதுக்கா எனக்கு. தாள்ல பேஷண்ட் பேருன்னு ஒரு எடம் இருக்கு பாரு, அத மட்டும் சும்மா உட்டு வச்சிருந்தேன்."

வெளியே சாப்பாட்டு வண்டி காலித் தட்டுகளோடு கடகடவென்று திரும்பிப் போயிற்று.

"உன் தாளு நின்னா நம்மளும் போட்டுடலாம்னு இருந்தேன்" என்றாள் உஷாராணி. "காலையில கிளார்க் சொன்னான், நீ வாபஸ் வாங்கிட்டன்னு. பாத்ரூம்ல போய்க் கிழிச்சு பினாயில் பக்கெட்ல போட்டுட்டேன்."

"உஷா..."

"உன்னத் தப்பு சொல்லலக்கா. நானா இருந்தா மொத நாளே வாபஸ் வாங்கியிருப்பேன்." ரொட்டியை வாயில் போட்டு மென்றாள். பிறகு காலிப் பாட்டிலை மூடி ஜூலியா பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

ஜூலியா அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்று தேவநேசன் கழுவுவதற்கு இது போகும். போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று அவருக்குச் சொல்லும். இன்னொரு தாளை எடுத்து எழுதலாம். ஆனால் மாதிரி என்று கையெழுத்துப் போட்ட கை இனி எதை எழுதினாலும் மாதிரிதான். இதை அவள் அவசரமில்லாமல் நினைத்துப் பார்த்தாள். தப்புச் செய்த அன்றைக்குக்கூட நெஞ்சு இவ்வளவு வலிக்கவில்லை.

இரண்டு மணி ஊசிகளைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த முறைக்காரர்களிடம் வார்டை ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு பிரிந்தார்கள். ஜன்னலில் வெயில் போய்ப் புகை மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஜூலியா பதினாலில் நின்று போர்வையை விலக்கி, "நாம் க்யா ஹை, பையா?" என்று கேட்டாள். சொன்னார். சீட்டைப் பார்த்து ஊசியைப் போட்டாள். பதினைந்துக்கு நகர்ந்தாள்.

எதிர் வரிசை உஷாராணியுடையது. அங்கிருந்து எப்போதும் "சுயி! சுயி!" என்று வேகமாக நகர்ந்துகொண்டே போகும் குரல், இருபத்தொன்றாம் கட்டில் வந்தபோது நின்றுவிட்டது. ஜூலியா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"நாம் க்யா ஹை, பாபா?"

அந்த ஆளுக்குக் காது மந்தம் போலிருக்கிறது. பதில் வரவில்லை. உஷாராணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, இன்னொரு தடவை கேட்டாள்.